கட்டியங்காரன் என்னும் அமைச்சன்

தெருக்கூத்தில் ராஜாவுக்கு முன்னால் சபைக்கு வந்து, ராஜாவையே கேலி செய்துகொண்டு விடியும்வரை நிற்பவன் கட்டியங்காரன். அரசன் வருகிறான், சாமி எழுந்தருளுகிறது என்று விருதுப் பெயர்களை அடுக்கி அறிவிப்பது கட்டியம். அதைச் சொல்பவன் கட்டியங்காரன் என்று அகராதிகள் ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகின்றன. அகராதி தொகுத்தவர்கள் சாமத்துக்கு முன்பே தூங்கப் போய்விட்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று அரசைப் பறித்த அமைச்சன் பெயரும் கட்டியங்காரன்தான். இருவரும் ஒருவரே என்பது நம் துணிபு.

முதலில் இலக்கணம். தோட்டம் தோட்டக்காரன் ஆகிறது, பணம் பணக்காரன் ஆகிறது. அந்த முறைப்படி கட்டியம் சொல்பவன் கட்டியக்காரன் ஆகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு ‘ங்’ எப்படி நுழைந்தது? அமைச்சனை வடமொழிக் காவியங்கள் காஷ்டாங்காரன் என்கின்றன. ‘ங்’ அங்கே முன்பே குடியிருக்கிறது. கட்டியக்காரன் என்றும் வழங்குகிறார்களே என்பார் சிலர். அப்படிச் சொல்கிறவர்கள் நன்னூல் படித்துக் கெட்டவர்கள்.

அடுத்தது திரை. சச்சந்தன் அரசி விசயையின் மயக்கத்தில் அந்தப்புரத்தில் கிடக்க, வெளியே ஆட்சி நடத்தியவன் அமைச்சன். கூத்திலும் துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியுமாக இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால்தான் காத்திருக்கிறான்; வெளியே, நீ யார், எந்த ஊர் என்று விசாரிப்பவன் கட்டியங்காரன். தன் நாட்டில் தன்னை யாரென்று சொல்லி உள்ளே வரவேண்டிய அரசனிடம் ஆட்சி இருப்பதாக எந்த அரசியல் நூலும் ஒப்பாது.

சிந்தாமணி சமண காவியம், கூத்தோ திரௌபதி அம்மன் கோயிலில் ஆடும் பாரதம். இரண்டுக்கும் என்ன உறவு என்பது கனமான மறுப்பு. வரைபடத்தை விரித்தால் அது இளைத்துவிடும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரம்தான் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் இடம். அவர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. கூத்துக்குப் பேர்போன புரிசையும் இதே பக்கத்து ஊர். 1887இல் உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியை அச்சிட்டு படித்தவர்களுக்கு அமைச்சனை அறிமுகம் செய்தார்; படிக்காதவர்களுக்கு அந்தத் தேவை இருந்திருக்காது என்று நாம் ஊகிக்கிறோம்.

சச்சந்தன் மகன் சீவகன்தான் அமைச்சனைக் கொன்றுவிட்டானே என்பது கடைசி மறுப்பு. கொன்றது காவியத்தில். கூத்தில் கர்ணன் சாகிறான், அபிமன்யு சாகிறான், பதினெட்டாம் நாள் துரியோதனனும் படுகளத்தில் விழுகிறான். கட்டியங்காரனைக் கொல்லும் காட்சி எதையும் எந்த வாத்தியாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் மறுநாள் ராஜாவை யார் உள்ளே விடுவது?