சுழலும் தட்டு, அறுபடாத இசை

கே: டிஜே மிக்ஸ்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். வினைலா, சிடியா?

ப: சிடி. யோசிக்கவே வேண்டாம். மிக்ஸுக்கு உயிரே அதன் அறுபடாத ஓட்டம்தான். எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் தீர்ந்துவிடும். 90 நிமிடக் கேசட்டையும் 45-ல் திருப்பிப் போட வேண்டும். சிடி 74 நிமிடம் நிற்காமல் ஓடும். பிரிட்டனின் கோல்ட்கட் இரட்டையர் 1995-ல் கொண்டுவந்த ‘ஜர்னீஸ் பை டிஜே’ தொகுப்புக்கு ‘70 மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்றே பெயர். பாட்டுக்குள் பாட்டு புகுகிற இடத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினால், டிஜே பாடுபட்டுக் கட்டியது அங்கேயே அறுந்துபோகும்.

கே: ஒரு மிக்ஸ் தொகுப்பை வினைலில் வாங்கினேன். பாட்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. வினைல் பதிப்புகள் பலவும் அப்படித்தான் வரும். பெர்லினின் ‘டிஜே-கிக்ஸ்’ வரிசையிலும் இதைப் பார்க்கலாம். சிடியில் பாதியில் கரைந்துபோகும் பாட்டு, தட்டில் முழுசாகக் கிடைக்கும். நீங்களே கலந்து பார்ப்பதற்கான மூலப்பொருள் அது. உறையில் ‘அன்மிக்ஸ்டு’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: அப்படியானால் வினைலில் நல்ல மிக்ஸே இல்லையா?

ப: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’, 1981. ஏழு நிமிடம்தான், 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஷீக், குயீன், பிளாண்டி குழுக்களின் பாட்டுகளை டர்ன்டேபிளிலேயே கோத்திருக்கிறார். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கே: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-ஐ இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

ப: 1972-ல் வந்த அந்த டர்ன்டேபிளில் பெல்ட் கிடையாது; மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்தி விட்டாலும் சட்டென்று வேகத்துக்கு வந்துவிடும். 1979-ல் வந்த எம்கே2-வில் வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் நீளமான ஸ்லைடர் வைத்தார்கள். இரண்டு பாட்டின் தாளத்தை விரல்நுனியில் சேர்க்க அது போதும். 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2016-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

கே: சிடியில் எப்படி ஸ்கிராட்ச் செய்ய முடிகிறது?

ப: 2001-ல் வந்த பயனியர் சிடிஜே-1000-ல் நீங்கள் தேய்ப்பது சிடியை அல்ல, மேலே இருக்கும் சக்கரத்தை. பாட்டின் ஒரு பகுதியை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, கை போகிற பக்கமெல்லாம் கருவி அதை ஓட்டும். சில ஆண்டுகளில் செராட்டோ என்ற மென்பொருள் வந்தது. அதற்கான வினைல் தட்டில் பாட்டுக்குப் பதில் ஒரு குறியீட்டு ஒலி இருக்கும். ஊசி அதைப் படிக்க, கணினியில் இருக்கும் பாட்டு அதே வேகத்தில் ஓடும். இன்றைய சிடிஜே-3000-ல் சிடி போட இடமே இல்லை. யூஎஸ்பி போதும்.

கே: தாளத்தைச் சேர்க்க ‘சிங்க்’ பொத்தான் வந்துவிட்டதே, டிஜேக்கு இனி என்ன வேலை?

ப: அடுத்து எந்தப் பாட்டு என்பது. கோல்ட்கட் தம் மிக்ஸுக்குள் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பொத்தானுக்கு அது தோன்றும்?

கே: மிக்ஸ் சிடியைக் கணினியில் ஏற்றினால் பாட்டுக்குப் பாட்டு விக்கல் வருகிறதே?

ப: அது எம்பி3-யின் குணம். ஒலியைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கும். கடைசித் துண்டு நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும். ஃபிளாக் (FLAC) வடிவில் ஏற்றுங்கள், அல்லது முழு சிடியையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள்.