கொஞ்சம் வெளியே இருங்கள், சம்பளம் போட்டுவிடுகிறோம்

தன் சம்பளத்தைத் தானே நிர்ணயிக்கும் பாக்கியம் உழைத்துப் பிழைக்கிறவனுக்குக் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்திருந்தால் கிட்டத்தட்டக் கிடைத்திருக்கும். 'கிட்டத்தட்ட' என்று சொல்வதுகூட நாகரிகம் கருதித்தான். பாத் பல்கலைக்கழகத்தின் சம்பளக் குழுவில் துணைவேந்தர் கிளினிஸ் பிரேக்வெல்லே ஓர் உறுப்பினராக இருந்தார். தன் சம்பளம் பேச்சுக்கு வரும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். என்ன ஒரு நேர்மை! அதுவரை அவரோடு உட்கார்ந்து ஊரார் சம்பளத்தைப் பேசிக்கொண்டிருந்தவர்கள், கதவு சாத்திய மறுகணம் அவர் யாரென்பதையே மறந்துவிட்டுத் தராசைத் தூக்குவார்கள் என்று நாம் நம்ப வேண்டும்.

2016-17இல் அந்தத் தராசு காட்டிய எடை 4,68,000 பவுண்டு. முந்தைய ஆண்டு 4,51,000. ஒரே ஆண்டில் 17,000 பவுண்டு ஏற்றம். அதே ஆண்டு பல்கலைக்கழக ஊழியர்களில் பெரும்பாலோருக்குத் தேசிய ஒப்பந்தத்தில் கிடைத்தது 1.1 சதவீதம். விரிவுரையாளர் கேட்டால் 'நிதி நிலைமை சரியில்லை'. துணைவேந்தர் கேட்கவே வேண்டாம், 'சந்தை நிலவரம்' தானாக வந்து நிற்கும்.

அந்தச் சந்தை நடக்கும் விதம் தனி அழகு. மற்றப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் மேசைக்கு வரும். நம்மவர் சராசரிக்குக் கீழேயா? மானம் போயிற்றே! ஏற்று. அடுத்த ஊர்க் குழுவும் அதே பட்டியலைப் பார்த்து ஏற்றும். எல்லோரும் ஏற்றினால் சராசரியும் ஏறும். மறு ஆண்டு மறுபடியும் பலர் சராசரிக்குக் கீழே, மறுபடியும் மானக்கேடு. எல்லோரையும் சராசரிக்கு மேலே உட்கார வைக்க முடியாது என்று சொல்லித்தர அதே கட்டடத்தில் கணிதத் துறை இருக்கிறது. அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

அப்போதைய ஆக்ஸ்ஃபோர்டு துணைவேந்தர் லூயிஸ் ரிச்சர்ட்சன் 2017இல் கால்பந்து வீரர்களையும் வங்கியாளர்களையும் உதாரணம் காட்டினார்: அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் சம்பளம் ஒன்றுமே இல்லையாம். கோல் போடாத வீரரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், அம்மணி. அந்த நிபந்தனையும் சம்மதமா?

பாத் அம்மையாருக்கு லான்ஸ்டவுன் கிரசென்டில் பல்கலைக்கழகமே வீடு கொடுத்திருந்தது. வீட்டுச் செலவுக் கணக்கில் பிஸ்கட்டுக்கு 2 பவுண்டு என்று ஒரு வரி. ஆமாம், பிஸ்கட். நாலரை லட்சத்துக்கு மேல் வாங்கியும் கையிலிருந்து 2 பவுண்டு எடுக்க மனம் வரவில்லை. அந்தப் பிஸ்கட்டுக்கும் சேர்த்துத்தான் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்கள் மாணவர்கள்.

சம்பளக் குழுவில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று 2017 பிப்ரவரியில் பல்கலைக்கழகப் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது. 33க்கு 30 என்று தோற்றது. வாக்களித்தவர்களில் துணைவேந்தரும் உண்டு, சம்பளக் குழுக்காரர்களும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களே ஜூரியிலும் இருந்தால் மூன்று ஓட்டு வித்தியாசம் ஒரு பெரிய காரியமா? மேலவை உறுப்பினர் ஆண்ட்ரூ அடோனிஸ் பிரபு புகார் கொடுத்த பிறகு, பல்கலைக்கழகங்களுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்துவந்த உயர்கல்வி நிதிக் குழு விசாரித்தது. அந்தக் கூட்டம் நடந்த விதத்தைக் கண்டித்தது. நவம்பரில் அம்மையார் விலகுவதாக அறிவித்தார்.

விலகல் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது என்று நினைப்பவர்கள் நம்மைப் போன்ற அப்பாவிகள். 2018 ஆகஸ்ட் வரை பதவி. பிறகு 2019 பிப்ரவரி வரை முழுச் சம்பளத்தோடு ஆய்வு விடுப்பு. இதுதான் அறிவிப்பு. கார் வாங்கக் கொடுத்த சுமார் 31,000 பவுண்டுக் கடனுக்கு வட்டி கிடையாது. போகும்போது அசலும் கிடையாது.

அதே ஊரில் இன்னொரு பல்கலைக்கழகம், பாத் ஸ்பா. அதன் துணைவேந்தர் கடைசி ஆண்டில் 8,08,000 பவுண்டு பெற்றார். அதில் 4,29,000 பதவியை விட்டு இறங்கியதற்கு. உட்கார்ந்திருக்கவும் கூலி, எழுந்து போகவும் கூலி. நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறவர்களோ 2018 பிப்ரவரியில், தங்கள் ஓய்வூதியத்தில் கைவைக்காதீர்கள் என்று தெருவில் நின்றார்கள்.

இவ்வளவு நாறிய பிறகு, 2018 ஜூனில், பல்கலைக்கழக ஆட்சிமன்றத் தலைவர்களின் அமைப்பு ஒரு நெறிமுறை வெளியிட்டது: துணைவேந்தர் சம்பளக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த நியாயத்தை எழுதி வைக்கவே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அதுவும் சட்டம் அல்ல. பின்பற்ற விருப்பம் இல்லாதவர்கள் காரணத்தை விளக்கினால் போதும்.