ஓரம் பாத்தீங்களா அண்ணே?

சகலைகளை ஆண்டவன் படைத்ததே ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான். ஒரே மாமனார் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாப்பிள்ளைகளை உட்காரவைத்தால், வருகிறவர்கள் இவரை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இத்தனை வருஷம் அதைப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை, மூன்று லட்ச ரூபாய்ப் பைனாகுலர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து மேல்மலையனூரில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அண்ணே, உங்க ஒலிம்பஸை எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்.”

இன்னும் எனக்குக் கழுத்து திரும்பவில்லை.

எந்தப் பைனாகுலர் நல்லது என்று இந்தக் கட்டுரையில் கட்டாயம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

நீங்களும் இதைச் செய்கிறவர்தான், அதனால் விளக்க வேண்டியதில்லை. புதுசாக ஒன்று கைக்கு வந்தால் நேரே மொட்டை மாடிக்குப் போவோம், எதிர்வீட்டு சின்டெக்ஸ் டேங்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் விற்ற பைனாகுலர் எதுவும் முதன்முதலில் பார்த்தது பறவையை அல்ல, தண்ணீர் டேங்கைத்தான். டேங்க் கறுப்பு, பின்னால் வெளுத்த வானம். லென்ஸில் கோளாறு இருந்தால் விளிம்பில் ஊதாக்கோடு ஓடும். மேலே அச்சடித்த வெள்ளை எழுத்து கூர்மையைச் சொல்லிவிடும். ஐரோப்பாவில் இதற்கென்று ஆய்வுக்கூடம் கட்டி, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெருவுக்கு நாலு நிற்கிறது, ஓசியில்.

டேங்க் இரண்டிலும் நன்றாகத்தான் தெரிந்தது. சொன்னேன்.

“நடுவுல எல்லாத்துலயும் நல்லாத்தாண்ணே இருக்கும். ஓரத்தைப் பாருங்க.”

இந்த ஓரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உங்களுக்குக் கேட்கப் பொறுமை இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

பைனாகுலரில் தெரியும் வட்டத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும், விளிம்புக்குப் போகப் போகக் கொஞ்சம் கலங்கலாகவும் இருப்பது இயற்கை. அந்தக் கலங்கலைத் துடைக்க, கண் வைக்கிற பக்கத்தில் கூடுதலாக லென்ஸ் சேர்ப்பார்கள். லென்ஸ் கூடினால் எடை கூடும், விலை அதைவிட வேகமாகக் கூடும். சரி, அந்த ஓரத்தை யார் பார்க்கிறார்கள்? மனிதக் கண்ணின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அங்கே விழுகிற பிம்பம்தான் துல்லியமாகத் தெரியும்; மற்றதெல்லாம் கண்ணுக்கே கலங்கல்தான். மைனா ஓரத்தில் உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம்? கையைக் கொஞ்சம் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருவோம். அதற்காகத்தான் ஆண்டவன் மணிக்கட்டைக் கொடுத்திருக்கிறான். கையை ஆட்டாமல் கருவிழியை மட்டும் உருட்டி ஓரத்தைப் பார்த்தால் பல சமயம் பாதி வட்டம் இருட்டடித்துவிடும். ஒளி வந்து சேரும் இடத்தைவிட்டுக் கண் விலகிப்போகிறது அல்லவா! ஆகமொத்தம், ஓரம் என்பது பறவை இருக்கும்போது யாரும் பார்க்காத இடம். பறவை இல்லாதபோது சகலைகள் பார்க்கிற இடம்.

“டேங்க்கை இடது ஓரத்துக்குத் தள்ளுங்க.” தள்ளினேன். “வலது ஓரம்?” தள்ளினேன். “மேல் ஓரம்?” டேங்க் மேலே போக நான் கீழே குனிய வேண்டும், குனிந்தேன். பிறகு டிரான்ஸ்பார்மர். பிறகு பரோட்டாக் கடை போர்டு. அந்தக் கடையில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். போர்டின் கடைசி எழுத்து எப்படியிருக்கும் என்று அன்றுவரை எனக்கு அக்கறையே இருந்ததில்லை. அங்கிருந்து டீக்கடை வாசலுக்கு இறங்கி, கோயில் கோபுரத்துக்குப் போனோம். சுதைச் சிற்பம் ஒன்றைப் பிடித்து, “அண்ணே, அம்மனை நல்லா ஓரத்துக்குத் தள்ளுங்க, அப்பத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார் சத்தமாக. அங்காளம்மன் ஊரில் நின்றுகொண்டு. டீ குடித்துக்கொண்டிருந்த பாட்டி தம்ளரைக் கீழே வைத்தார். “யார்ரா அது, அம்மாவ ஓரத்துல தள்றவன்?”

பாட்டிக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஓரம் ஓயவில்லை. ஸ்வரோவ்ஸ்கி 2020-ல் கொண்டுவந்த, தன் கழுத்தில் தொங்குகிற என்எல் ப்யூர் 8x42 ஆயிரம் மீட்டர் தூரத்தில் 159 மீட்டர் அகலத்தைக் காட்டும், ட்ஸைஸ் எஸ்எஃப் 148 என்று சகலை டீக்கடைக்காரருக்கு ஒப்பித்தார். நான் சும்மா இருப்பேனா? லைகா நாக்டிவிட் 8x42 காட்டுவது 135 மீட்டர்; என் ஒலிம்பஸ் 8x40 காட்டுவது 143 மீட்டர் என்றேன். இந்த ஒரு கணக்கை நான் பல வருஷமாக மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். “ஆனா அந்த எக்ஸ்ட்ரா எட்டு மீட்டரும் கலங்கலா இருக்குமேண்ணே” என்றார். இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

விளிம்புவரை பிம்பத்தைத் தட்டையாக, கோடு கோணாமல் இழுத்துப் பிடித்தால் இன்னொரு வம்பு வரும். பைனாகுலரைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது காட்சி முழுவதும் ஒரு உருண்டைமேல் ஒட்டி உருளுவதுபோலத் தெரியும், சிலருக்குத் தலை சுற்றும். அதனால் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே ஓரத்தில் கொஞ்சம் கோணலை விட்டுவைப்பார்கள். ஓரத்தைச் சரிசெய்யக் காசு வாங்கிக்கொண்டு, தலை சுற்றுமே என்று பயந்து ஓரத்தை லேசாகக் கெடுத்துத் தருகிறார்கள். உலகத்திலேயே இந்த வியாபாரம்தான் எனக்குப் புரியவில்லை.

இதேபோல இன்னொன்று. என்னுடையது தோள் அகன்ற பழைய சாதி. இத்தாலிக்காரர் போர்ரோ 1854-ல் கண்ட ப்ரிஸம். அதை வைத்து 1894-ல் யேனா ஊரில் ட்ஸைஸ் கம்பெனி விற்க ஆரம்பித்த அதே உருவம். இப்போதைய நாகரிகம் நேர்க்குழாய். பையில் அழகாக உட்காரும். ஆனால் நேர்க்குழாய்க்குள் இருக்கிற ப்ரிஸத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது ஒன்றுக்கொன்று முரண்டு பிடித்துக் கூர்மையைக் குறைக்கும். அதைச் சரிக்கட்டும் பூச்சை ட்ஸைஸ் 1988-ல்தான் கொண்டுவந்தது. பழைய சாதிக்கு அந்த வியாதியே கிடையாது, மருந்தும் வேண்டாம். பறவை பார்க்கத் தொடங்குகிற நம்மூர் இளைஞர்கள் பலர் கையில் முதலில் இந்த மாதிரிக் கண்ணாடிதான் இருந்தது என்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

சௌகரியம் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதையும் ஒப்பிட்டோம், டீக்கடைக் கூட்டத்தோடு. ஒருவர் பெரிய பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “சூப்பரா கீது, ஊரே தூரமா போய்டுச்சு” என்றார். வந்தவரெல்லாம் பக்கத்திலிருந்த சின்னத் திருகைத் திருகினார்கள். வலது கண்ணின் பவருக்கு ஒரே தடவை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டிய திருகு அது. கடைசியில் அது எந்த மனிதக் கண்ணுக்கும் பொருந்தாத ஒரு நிலைக்கு வந்து நின்றது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு என் ஒலிம்பஸ் ஒத்துவராது என்பது வாஸ்தவம். லென்ஸிலிருந்து 12 மில்லிமீட்டருக்குள் கண் இருந்தால்தான் முழு வட்டம் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு அவ்வளவு கிட்டே போக முடியாது. சகலையுடையதில் கண்ணாடியோடு முழுசாகத் தெரிந்தது. எடைதான் முக்கால் கிலோவுக்கு மேல், கையில் பிடித்தால் தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. கழுத்துக்கு மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஏரிக்கரைப் புளியமரத்தில் ஒரு புள்ளி ஆந்தை. என்னுடையதில் மரம் தெரிந்தது. அவருடையதில் ஆந்தை முறைத்தது, நெஞ்சுப்புள்ளிகளோடு. நல்ல பூச்சு போட்ட கண்ணாடி உள்ளே வரும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்ணுக்குக் கொண்டு சேர்க்கும். அந்தச் சொச்சத்தின் விலைதான் லட்சம். வித்தியாசம் இல்லை என்று சாதித்துவிடலாம் என்றிருந்தேன். ஆந்தை விடவில்லை. இதுதான் எரிச்சலிலேயே பெரிய எரிச்சல்.

ஆனால் பகலில்? உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 8x42 பைனாகுலர் அனுப்புவதோ ஐந்தேகால் மில்லிமீட்டர் அகல ஒளி. மிச்சமெல்லாம் கருவிழிமேல் சிந்தி வீண். விழுப்புரம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமா? இருட்டில்தான் காசு விளையும் என்று சகலை ஒத்துக்கொண்டு, “அமாவாசைக்கு வர்றேண்ணே, நட்சத்திரம் பாக்கலாம்” என்றார். மற்ற ஊரில் அமாவாசை இருட்டு. மேல்மலையனூரில் அன்றைக்குத்தான் ஊஞ்சல் உற்சவம். எங்கள் ஊரில் மாதத்திலேயே வெளிச்சமான ராத்திரி அது. சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும், லட்சம் ஜனமும். வரட்டும், சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை வளத்தி வழியாகச் செஞ்சிக்குப் போனோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கோட்டைக்குக் கொஞ்சம் கௌரவம் வந்திருக்கிறது: பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். 1690-லிருந்து 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் இங்குள்ள ராஜகிரி மலைக்கோட்டையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடந்தார். அவருக்காவது கோட்டை கிடைத்தது. சகலை கல்யாண மகால் கோபுரத்தை இரண்டு பைனாகுலராலும் பார்த்தார். கோபுரத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஓரத்தில் கோபுரத்தைப் பார்த்தார்.

மலை ஏறத் தொடங்கிய பாறைச் சரிவில், புதருக்குள், ஒரு மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. எண்ணிக்கை குறைந்துவரும் இனம் என்று பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். எதிரே, வெயில் படும் கிளையில், தொண்டையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சகலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நானும் ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன்.

“அண்ணே, இது லேசா மஞ்சள் அடிக்குதுண்ணே.”

“எது?”

“கண்ணாடிதான். கலர் நியூட்ரலா இல்ல. தொண்டைகிட்ட பாருங்க. உங்களதைக் குடுங்க…” வாங்கிப் பார்த்தார். “அட, இதுவும் அங்கதான் மஞ்சள் அடிக்குது!”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சின்னானும் சொல்லவில்லை, பறந்துவிட்டது. சகலை அது இருந்த கிளையை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தபோது அவருடைய பைனாகுலரின் கண் வைக்கும் ரப்பரில் விபூதியும் குங்குமமும் அப்பியிருந்தன. முந்தின நாள் கோயிலுக்குப் போய்வந்த நெற்றிகளின் உபயம். என்எல் ப்யூருக்கு நெற்றியை முட்டுக்கொடுக்கத் தனியாக ஒரு தாங்கி விற்கிறார்கள். அதை வடிவமைத்தவர்கள் எங்கள் ஊர் நெற்றியைப் பார்த்ததில்லை. கோட்டை வாசலில் இளநீர் விற்ற பெரியவர் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு, “குடு தம்பி” என்று தோள் துண்டால் லென்ஸை அழுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுத்தார். சகலையுடையதை அல்ல, என்னுடையதை.

1935-ல் ட்ஸைஸில் ஸ்மக்குலா கண்டுபிடித்த, லென்ஸில் பட்ட ஒளி திரும்பிப்போகாமல் தடுக்கிற பூச்சு, ஒளியலையில் கால் பங்கு கனம்தான். செஞ்சிப் பக்கத்துத் தூசியோ கருங்கல் பொடி. ஆகவே வாசகர்களே, முதலில் ரப்பர் பம்ப்பால் ஊதுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய பிரஷ். அதற்கும் பிறகுதான் லென்ஸ் துணி, அதுவும் அழுத்தாமல். துண்டு, வேட்டி நுனி, புடவைத் தலைப்பு எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். என்னுடைய பைனாகுலராக இருந்தால், கையையே நீட்டாதீர்கள்.