பனிச்சறுக்குத் தலத் தேர்வு: ஒரு முன்னாய்வு (முதற்பகுதி, இரண்டாம் பகுதி வராது)

யூட்டா பல்கலைக்கழக வளாகம் சால்ட் லேக் சிட்டியின் கிழக்கு ஓரத்தில், மலையடியில் இருக்கிறது. ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், பார்க் சிட்டி, டீர் வேலி ஆகிய ஆறு பனிச்சறுக்குத் தலங்களும் அங்கிருந்து, சாலை ஒத்துழைத்தால், ஒரு மணி நேரத்துக்குள். எங்கே போவது என்று ஆராய்ந்தோர் பலர்; போய்ச் சேர்ந்தோர் சிலர்.

பனி: விழுந்தது, விழாதது என இருவகைப்படும்.

விலக்கு: ஆல்டாவிலும் டீர் வேலியிலும் ஸ்னோபோர்டுக்கு அனுமதியில்லை, ஸ்கீ மட்டுமே. சிறு விஷயம், மேலே செல்வோம்.

நிறம்: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். தரம் பிரிப்பது அந்தந்தத் தலமே. ஓரிடத்து நீலம் இன்னோரிடத்தில் கறுப்பாகலாம். எலும்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றே.

தூரம்: இனிதான் ஆய்வு தொடங்குகிறது. தூரம் மைலா, நேரமா? மைல் என்பார் ஒரு சாரார் (பின்னிருக்கை, வாய்மொழி). நேரம் என்பார் மறுசாரார் (ஓட்டுநர், வாய்மொழி, பல்லைக் கடித்தபடி). ஆல்டாவுக்குப் போகும் 210ஆம் எண் சாலை இருவரையும் மறுக்கிறது. லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் அந்த ஒற்றைச் சாலைக்குக் குறுக்கே 60க்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் இறங்குகின்றன. இரவெல்லாம் பனி கொட்டினால் சாலையை மூடி, வெடி வைத்துச் சரிவை வேண்டுமென்றே இறக்கிய பிறகுதான் திறப்பார்கள். எனவே பனி பெருகப் பெருகத் தலம் தொலைவாகும் என்பது முதல் தேற்றம்.

சாலை திறந்ததும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். பின்விளக்குகள் சிவந்து வளைந்து நிற்கும் அந்த வரிசையை உள்ளூரார் ‘ரெட் ஸ்னேக்’ என்பர். செம்பாம்பின் வால் எது? கடைசிக் கார் என்பது பாமரர் கொள்கை. நாம் எந்தக் காரில் இருக்கிறோமோ அதுவே வால் என்பது என் துணிபு (முன்னிருக்கை, காலை 6.40, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதியது, ஹீட்டர் போட்டதும் மூலச்சுவடி அழிந்தது, படியெடுக்க வேண்டியவர் தூங்கிவிட்டார்). மூலம் அழிந்த நூலுக்கு மூன்று பாடபேதம் காண்பது சுவடி ஆய்வுக்குப் புதிதல்லவே.

இடையே ஓர் எச்சரிக்கை. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுது இருப்பதைக் காட்டி, பனிச்சறுக்கு சங்க காலத்திலேயே இருந்தது என்று நிறுவ ஒருவர் வருவார். அந்தப் பனி புல்லில் முத்துப்போல் நிற்பது. சறுக்கினால் கால் நனையும், அவ்வளவுதான். இருந்தாலும் வரட்டும். குளிர்கால டயரோடு வரட்டும், சாலை விதி அப்படி.

முடிவு: ஆண்டுக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி, 1939 முதல் ஓடும் லிஃப்ட், தேற்றத்தை நேரில் சோதிக்க 210ஆம் எண் சாலை. ஆகவே ஆல்டாவே தலைசிறந்தது என ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

கட்டுரை முடிந்தபின் புதிய சான்று ஒன்று கிடைத்தது: கார்ச் சாவி. எங்கள் ஐவரில் ஒருவரிடம்தான் அது இருக்கிறது. அவர் ஸ்னோபோர்டுக்காரர்.