பன்னிரண்டாவது துண்டு

என் ஒப்பந்தம் முடிந்த அன்று தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. வராததுதான் கடிதமாம். ஆறாறு மாதமாகப் பதினோரு ஒப்பந்தம் தந்தவர்கள், பன்னிரண்டாவதுக்குக் கமுக்கமாக இருந்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் என்னை ஒருநாள் வீட்டில் உட்கார வைப்பார்கள். மறுநாள் அதே நாற்காலி, அதே செக்ரோல் பதிவேடு, பிளேன்டீ சிந்தி 'ப' மட்டும் அடிக்காத அதே கீபோர்ட். பத்துத் தடவை 'புது ஆளாக' வேலைக்குச் சேர்ந்த பழைய ஆள் நான்.

அம்மாவுக்குத் தெரிந்த கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலை, வடிகான் வெட்டுவது. கான் வெட்டி முடிந்தால் கொந்தரப்பும் முடிந்தது. "செக்ரோல் எழுதுற வேல எப்பிடிடா முடியும்? பேர் போட ஆளுக இருக்காங்கல்ல?" என்றாள். பேர் என்றால் எங்கள் பாஷையில் ஒருநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

பூட்டன் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போகத் துண்டு வேண்டும். இவன் கடன் இவ்வளவு, கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தருவது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பூட்டனுக்குப் போகத் துண்டு, எனக்கு இருக்கத் துண்டு. 1992இல் தோட்டங்களை ஏற்ற கம்பெனிகளுக்கோ குத்தகை 53 வருடம், 2045 வரை. நடுவில் அவர்களை யாரும் ஒருநாள் வீட்டில் உட்கார வைத்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆறுதல் சொன்னார்: "தம்பி, கூட்டு ஒப்பந்தத்தையே 2021ல புதுப்பிக்கல. சம்பள நிர்ணய சபைக்குப் போய்த்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூவா வந்துச்சு. நீ தொழில் நியாய சபைக்குப் போ. ஆறு மாசத்துக்குள்ள போட்டுறணும்."

ஹட்டனில் பதினோரு ஒப்பந்தத்தையும் போட்டோ கொப்பி எடுத்தேன். கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதானே தம்பி, ஒண்ணு எடுத்தாப் போதாதா?" என்றார். என் வழக்கே அதுதான் என்றேன்.

முதல் தவணையில் எதிர்த்தரப்பு, "யாரும் நீக்கவில்லை, ஒப்பந்தம் தானாக முடிந்தது" என்றது. என் லோயர் எழுந்தார். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், நீதியும் நியாயமுமான கட்டளை, காகிதத்தில் உள்ள திகதிக்கு அப்பாலும் பார்க்கவேண்டிய கடமை என்று சுற்றிவந்து, வேலை நிரந்தரமானது, ஆள்தான் தற்காலிகம் ஆக்கப்பட்டான் என்று முடித்தார். அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்து.

லயத்துக்கு வந்து அம்மாவிடம் லோயர் வாதத்தைச் சொன்னேன். லோயர் பீசையும் சொன்னேன்.

"அதத்தானடா நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள். "எனக்கு அரைப்பேராவது போடச் சொல்லு."