சிவிங்கிப்புலிக்கு டோனட் எதற்கு?

எலிப் படம் போட்டுப் பேர் வாங்கிய கம்பெனியிடம் போய், “உங்கள் பூங்காவில் கார்ட்டூன் வைக்கக் கூடாது” என்று வரிந்து கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. என் அக்கா மகன் அந்தக் கூட்டத்தில் ஆயுள் உறுப்பினன். ஃப்ளோரிடாவில் கணிப்பொறி வேலை. வாரம் முழுக்கத் திரையில் இல்லாத ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாம் நிஜமாக இருந்தாக வேண்டும்.

அவன் மனத்தில் கோயில் மாதிரி இருப்பது ஆர்லாண்டோ பக்கத்து டிஸ்னி அனிமல் கிங்டம். 1998 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று திறந்தார்கள். சுமார் 580 ஏக்கர். சிங்கம், யானை, கொரில்லா எல்லாம் அசல். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் கிடையாது, பலூன் கிடையாது. காற்றில் பறந்து போய் ஏதாவது ஒரு விலங்கின் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று பயம். விலங்குகள் மிரளும் என்பதால் மற்ற டிஸ்னி பூங்காக்களில் நடக்கிற இரவு வாணவேடிக்கையும் இங்கே இல்லை. இவ்வளவு ஆசாரமாக நடத்துகிற இடத்தில், ‘ஜூட்டோபியா’ கார்ட்டூன் படத்து முயல் போலீஸுக்கு என்ன வேலை என்பதுதான் மாப்பிள்ளை தொடுத்திருக்கும் வழக்கு.

எதிர்க்கட்சி அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவன் மகள். எனக்குப் பேத்தி முறை. அவளைப் பொறுத்தவரை, பேசாத விலங்கு ரிப்பேரான விலங்கு.

இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராக என்னை உட்காரவைத்தார்கள். அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு வேறு உத்தியோகம் ஏது?

மாப்பிள்ளை சும்மா சொல்லக்கூடாது, வரலாறு தெரிந்தவன். 1955-இல் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் கட்டியபோது, படகு சவாரியின் கரையோரம் நிஜ விலங்குகளைத்தான் நிறுத்த நினைத்தாராம் வால்ட் டிஸ்னி. விவரம் தெரிந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். பகலில் தூங்கும், புதருக்குள் ஒளிந்துகொள்ளும், காசு கொடுத்து வருகிறவனுக்கு முதுகைக் காட்டும். ஆகவே மோட்டார் வைத்த யானைகளும் நீர்யானைகளும் வந்தன. அவை நேரத்துக்குத் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்; லீவு கேட்காது.

பல வருஷம் கழித்து அந்த ஆசையை நிறைவேற்றப் புறப்பட்டவர் ஜோ ரோடி. ஒரு காதில் தோரணம் மாதிரி ஏகப்பட்ட வளையங்களைத் தொங்கவிட்டிருந்த டிஸ்னி வடிவமைப்பாளர். அப்போது டிஸ்னியின் தலைவராக இருந்த மைக்கேல் ஐஸ்னருக்குச் சந்தேகம்: உயிருள்ள விலங்கைப் பார்ப்பதில் அப்படி என்ன சிலிர்ப்பு இருக்கிறது? ரோடி படம் வரைந்து காட்டவில்லை, கணக்கும் போடவில்லை. கூட்ட அறைக் கதவைத் திறந்து, கழுத்துச் சங்கிலியோடு ஒரு வங்கப் புலியை உள்ளே நடத்திக்கொண்டு வரச் செய்தார். நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அது சாவகாசமாக உலாவியது. சிலிர்ப்பு விஷயத்தில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்ஜெட் கூட்டங்களுக்கு இந்த முறையை நம் ஊர் அலுவலகங்களும் பரிசீலிக்கலாம்.

“பாத்தீங்களா மாமா, புலி வந்து வாங்கிக் குடுத்த பார்க் இது. இங்க போய் கார்ட்டூனா?” என்றான்.

வாதம் பலமானதுதான். ஆனால் நடுவர் நாலு இடம் சுற்றிப் பார்க்க வேண்டாமா? முதலில் சஃபாரிக்குப் போனோம். 110 ஏக்கர் ஆப்பிரிக்காவில், மேலே கூரை மட்டும் உள்ள லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போகலாம். ஒட்டகச்சிவிங்கி குறுக்கே வந்தால் லாரிதான் நிற்க வேண்டும். பாறை மேல் சிங்கம் படுத்திருந்தது.

“தாத்தா, ஏன் அது பாடல?”

“நிஜ சிங்கம் பாடாதும்மா. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூட தூங்கும்,” என்றான் அவள் அப்பா, உயிரியல் வாத்தியார் குரலில்.

“அப்ப எப்ப வேலைக்குப் போகும்?”

அந்தப் பாறையும் வெறும் பாறை இல்லை. சிங்கம் நம் கண்ணுக்கு எட்டுகிற இடத்திலேயே படுக்கட்டும் என்று உள்ளுக்குள் குளிர்ச்சி செய்து வைத்திருக்கிறார்கள். வழியில் வரும் மிகப் பெரிய பாவோபாப் மரம் சிமெண்ட். கரையான் புற்றும் செய்ததுதான். பூங்காவின் நடுவில் 145 அடி உயரத்துக்கு நிற்கிறதே ‘வாழ்வின் மரம்’, உடம்பெல்லாம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் செதுக்கிய மரம், அதன் எலும்புக்கூடு கடலில் எண்ணெய் தோண்டப் பயன்படும் மேடையின் கட்டமைப்பு. ஒரு லட்சத்துக்கும் மேல் இலைகள், ஒன்றுகூட உதிராது. துப்புரவுப் பணியாளர்கள் கும்பிட வேண்டிய மரம்.

சஃபாரியிலேயே ஒரு காலத்தில் ஒரு கதை ஓடியது. தந்தத் திருடர்கள் தாய் யானையையும் குட்டியையும் துரத்துகிறார்கள், நாம் லாரியில் அவர்களைத் துரத்துகிறோம். திறப்பதற்கு முந்தைய வெள்ளோட்டத்தில் தாய் யானை செத்துக்கிடப்பதுபோல ஒரு பொம்மையும் வைத்திருந்தார்களாம். பார்த்தவர்கள் கலங்கிப்போய்ப் புகார் சொல்லவே அதை எடுத்தார்கள். பின்னால் கதையையே எடுத்துவிட்டார்கள். நிஜ யானை இருபதடி தூரத்தில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது, இல்லாத யானைக்காக யார் அழுவது?

அடுத்து ஆனந்தபூர். தெற்காசியாவில் இருப்பதாக இவர்களே கற்பனை செய்துகொண்ட ஊர். காரை பெயர்ந்த சுவர், மங்கிப்போன கை எழுத்து விளம்பரம், துருப்பிடித்த சைக்கிள், தலைக்கு மேல் சிக்குப் பிடித்த மின்கம்பிகள். அத்தனையும் நிபுணர்கள் அளந்து பார்த்துப் பழசாக்கியவை. மாப்பிள்ளை மெய்ம்மறந்து நின்றான். எனக்கும் மெய் மறந்தது, வேறு காரணத்துக்காக. இதே சுவரையும் இதே கம்பியையும் எங்கள் ஊராட்சி பல வருஷமாக இலவசமாகத் தந்துவருகிறது. அங்கே எவரும் வரிசையில் நின்று போட்டோ எடுப்பதில்லை.

அதே ஆனந்தபூருக்குப் பின்னால்தான் எவரெஸ்ட் நிற்கிறது. உயரம் 200 அடியை எட்டினால், விமானங்களுக்காக உச்சியில் எச்சரிக்கை விளக்கு போட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி. இமயமலை உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் நிஜம் கெட்டுவிடும் என்று 199 அடி சொச்சத்தோடு மலையை நிறுத்திவிட்டார்கள். இயற்கையிடமிருந்து இப்படி ஒரு அனுசரிப்பை எதிர்பார்க்க முடியாது. மலைக்குள் ரோலர் கோஸ்டர். 2006-இல் திறந்தது. உள்ளே இருட்டில் பனிமனிதன் யெட்டி பிரம்மாண்டமாகப் பாய்ந்து கையை வீசும்படி செய்திருந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அசைவு நின்றுபோயிற்று. அன்று முதல் யெட்டி கையைத் தூக்கியபடியே நிற்கிறது. அசைவதுபோலத் தெரியட்டும் என்று அதன்மேல் விளக்கை வெட்டி வெட்டி அடிக்கிறார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் ‘டிஸ்கோ யெட்டி’.

நடுவர் இங்கே ஒரு கேள்வி கேட்டார். “மாப்ளே, கார்ட்டூன் கூடாதுங்கற. யெட்டி எந்தக் காட்டுல இருக்கு?”

“அது வேற மாமா. அது ஒரு பண்பாட்டு நம்பிக்கை.”

“அப்ப பூங்கா சின்னத்துல யானை, சிங்கத்தோட ஒரு டிராகன் நிக்குதே?”

அது புராண விலங்குகளுக்காக ஒரு தனிப் பகுதி கட்டத் திட்டமிட்டு, கடைசிவரை கட்டாமல் விட்டதன் மிச்சம் என்று விளக்கினான். நல்ல விளக்கம். ஆனால், கற்பனைப் பிராணிக்கு முதல் நாளே இலை போட்டிருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? 2017-இல் திறந்த ‘பண்டோரா’ பகுதியில் சினிமாவிலிருந்து வால் வைத்த நீல மனிதர்கள் வந்து குடியேறியபோதும் இவன் கூட்டம் முணுமுணுத்தது. இப்போது அவனே அதற்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறான்.

ஆக, நிஜமா கற்பனையா என்று வழக்கு நடத்தினால் முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி ஆகும். சிமெண்ட் மரத்தடியில் நின்றுகொண்டு கார்ட்டூனைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டியது வேறு: கார்ட்டூனைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் நிஜ விலங்கு பக்கம் திரும்புகிறானா, இல்லையா?

இதற்கு ‘இட்ஸ் டஃப் டு பி எ பக்’ நல்ல சாட்சி. வாழ்வின் மரத்தின் அடியில், வேருக்குள் இருந்த அரங்கில் ஓடிய பூச்சிக் காட்சி. ‘எ பக்ஸ் லைஃப்’ படத்துப் பாத்திரங்கள். வேடிக்கை என்னவென்றால் படம் வந்தது 1998 நவம்பரில், காட்சி ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. முந்தைய பயணம் ஒன்றில் என் மனைவியோடு போயிருந்தேன். திரையில் கரையான் அமிலத்தைப் பீய்ச்சினால் நம் முகத்தில் தண்ணீர் தெறிக்கும். நாற்றப்பூச்சி வந்தால் அரங்கமே நாறும். குளவி கொட்டும் கட்டத்தில் நாற்காலி முதுகிலிருந்து ஏதோ ஒன்று நறுக்கென்று குத்தும். கூரையிலிருந்து சிலந்திகள் இறங்கியதும் குழந்தைகள் வீரிட்டன. என் வீட்டம்மா குழந்தைகளுக்கு முன்பே தொடங்கிவிட்டாள். ஆனால் பாருங்கள், அதில் பூச்சி பூச்சியாகவே இருந்தது. நாற்றம், கொட்டு, விஷம் எல்லாம் நிஜப் பூச்சிகளின் தற்காப்பு வித்தைகள். வீடு அவற்றுடையது, நாம் விருந்தாளி. இன்றைக்கும் சமையலறையில் கரப்பானைக் கண்டால், விளக்குமாற்றை எடுப்பதற்கு முன் அவள் ஒரு நொடி தயங்குகிறாள். ஒரு நொடிதான்.

அதை 2025 மார்ச்சில் மூடிவிட்டு, அதே மரத்தடியில் நவம்பரில் ஜூட்டோபியாவைக் கொண்டுவந்தார்கள். அந்தப் படத்துக்கு நான் விரோதி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் முழுக்க ஸ்லாத்துகள் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு எழுத்தாக அடிக்கும் காட்சிக்கு நம் ஊர்க்காரன் எவன் சிரிக்காமல் இருப்பான்? ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் விலங்கு மனிதனாகிவிட்டதால் வருவது. முயல் போலீஸ் வேலை பார்க்கிறது, சிவிங்கிப்புலி தொந்தியும் தொப்பையுமாக டோனட் தின்கிறது. அதற்கு வேகம், காடு, பசி எதுவும் தேவையில்லை. அரை மைல் தள்ளி சஃபாரியில் நிஜ சிவிங்கிப்புலி இருக்கிறது. தரையில் அதற்கு இணையான ஓட்டக்காரன் கிடையாது. காட்சி முடிந்து வந்த கூட்டம் மரத்தடியில் இருந்த நீர்நாய்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மைக் கடைக்குள் நுழைந்தது. பேத்தி மட்டும் நீர்நாயிடம் நின்று, “உன் யூனிஃபார்ம் எங்க?” என்று விசாரித்தாள்.

பறவைக் காட்சிக்கும் இப்படி ஒரு கண்டம் வந்து போனது. தலைமுடியை உரசிக்கொண்டு நிஜப் பறவைகள் பறக்கும் அருமையான நிகழ்ச்சி. 2018-இல் அதில் ‘அப்’ படத்துப் பையனையும் நாயையும் நுழைத்தார்கள். கழுகு இறக்கை விரிக்கும் நேரத்தில் நாய்க்கு என்ன ஜோக் வேண்டிக்கிடக்கிறது? இரண்டு வருஷம் கழித்து அவர்கள் வெளியேற, இப்போது பறவைகளும் பராமரிப்பாளர்களும் மட்டும். நிம்மதி.

‘லயன் கிங்’ படத்துக் குரங்கு ராஃபிகியின் கதை நேர் எதிர். பூங்காவின் ஓர் ஓரத்தில், ரயிலில்தான் போகமுடியும் என்ற இடத்தில், கால்நடை மருத்துவர்கள் கண்ணாடிக்கு அப்பால் விலங்குகளைப் பரிசோதிப்பார்கள். ‘விலங்கு மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பலகை வைத்தால் எந்தக் குழந்தை ரயில் ஏறும்? பல வருஷம் அந்த இடத்துக்கு ராஃபிகியின் பெயர். குரங்கைத் தேடிப்போன பிள்ளைகள் மயக்க ஊசி போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆகவே தீர்ப்பு. ‘லயன் கிங்’ மேடைக் காட்சியின் பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும். சஃபாரியில் தூங்குகிற சிங்கத்தைப் பார்த்து ஏமாந்த குழந்தைக்கு அது ஆறுதல். இங்கே மேடையேறும் கார்ட்டூன் மீன் நெமோவுக்கு இடமாற்றம்: பக்கத்து எப்காட் பூங்காவில் 57 லட்சம் காலன் தண்ணீரில் நிஜ மீன்களோடு அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, இங்கே எதற்கு ஒண்டுக்குடித்தனம்? டைனோசர் பகுதியை மூடிவிட்டு ‘என்கான்டோ’வையும் இண்டியானா ஜோன்ஸையும் 2027-இல் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். என்கான்டோவில் விலங்குகளோடு பேசும் வரம் பெற்ற ஒரு பையன் இருக்கிறான் என்பதால் அதற்கு நிபந்தனை ஜாமீன். யெட்டிக்கு உடனடி மருத்துவச் செலவு. ஜூட்டோபியா தோற்றது, படம் நல்ல படம், மரம்தான் தப்பான மரம்.

தீர்ப்பைக் கேட்டு மாப்பிள்ளை அப்பீல் போகப்போவதாகச் சொன்னான். பேத்தி நடுவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். காலையில் கதவு திறந்ததும் நேரே சஃபாரிக்கு ஓடுங்கள். வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். முயல் போலீஸ் ஏ.சி. அரங்கில்தான் இருக்கிறார், மத்தியானம் போனாலும் டியூட்டியில் இருப்பார்.