ஒளிவட்டம் எவ்வளவு வெள்ளி?

வாடா தம்பி, உட்காரு. டப்பாவுல புலிப்படம் எல்லாம் போட்டிருக்கே, இது எந்த ஊர்ப் பிலிம்? "நம்ம கே.எல். பிலிம் தாத்தா"ன்றே. சரி, நம்பிட்டேன். கே.எல்.ல பிலிம் ஆலை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு, போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்.

உலகத்துல பிலிம் செய்யற ஆலைங்களை விரல்விட்டு எண்ணிடலாம்டா. அமெரிக்காவுல கோடாக், இங்கிலாந்துல ஹார்மன், செக் நாட்டுல ஃபோமா, இன்னும் கொஞ்சம். ஸ்டிக்கருக்குத்தான் பஞ்சமே இல்ல. ஃபியூஜி 200 டப்பாவுலேயே 'அமெரிக்கத் தயாரிப்பு'ன்னு அச்சடிச்சு வந்துச்சே! அங்க யாரு ஆலை வச்சிருக்கான்னு நான் வேற சொல்லணுமா?

உன் புலி, கோடாக் விஷன்3 500டி. சினிமாக்காரன் சுருள். 400 அடிச் சுருளை இருட்டுல வெட்டி, காலி டப்பாவுல சுத்தினா 36 படச் சுருள் 70க்கு மேல தேறும். சுத்தறவனுக்கும் வயிறு இருக்கு, கூலி வாங்கட்டும். 2010 அக்டோபர்ல நஜிப்பும் மன்மோகன் சிங்கும் வந்து நம்ம பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியான்னு திறந்து வச்சாங்க. பேரு மாறியும் பூக்கார அக்கா முழம் மட்டும் நீளவே இல்ல. அப்படித்தான் இதுவும்.

அமெரிக்காவுல சினிஸ்டில்னு ஒரு கம்பெனி. இதே 500டியோட முதுகுல இருக்கற கரிப்பூச்சை உரிச்சு, 800டின்னு வித்தான். 500 எப்படி 800 ஆச்சுன்னு கேக்காதே, வியாபாரம்! கரி போனதால விளக்கைச் சுத்திச் சிவப்பா ஒளிவட்டம் விழும். தீபாவளி நேரத்துல ஜாலான் துன் சம்பந்தன்ல அதுக்காகவே ராத்திரியெல்லாம் அலையறீங்களே, அதேதான்.

உன் புலிக்குக் கரி உரிச்சாச்சா? கேக்கலையா? அடப்பாவி! உரிக்காததைச் சாதா கலர் பிலிம்னு கடையில கழுவக் குடுத்தே, கரி கரைஞ்சு அவன் மெஷினையும் அடுத்தவன் கல்யாணப் படத்தையும் சேர்த்து நாசம் பண்ணிடும். அப்புறம் கிள்ளான்லயே தலை காட்ட முடியாது. சொல்லிட்டுக் குடு. இல்ல, நீயே சமையல் சோடா கலந்த வெந்நீர்ல ஊறவச்சு, கரியைக் கழுவித் துடைச்சு எடு. அம்மா அடுப்படியில இல்லாத நேரமாப் பாத்துக்க.

இன்னொண்ணு. காலி டப்பா முதுகுல பிலிம் வேகத்தைச் சொல்ற பழைய கோடு இருந்தா, உன் தானியங்கிக் கேமரா அதைத்தான் நம்பும். உள்ள 500 இருக்க, வெளிய 200ன்னு படிச்சு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். கோடே இல்லேன்னா 100ன்னு நினைச்சுக்கற கேமராவும் உண்டு. கறுப்பு டேப் ஒட்டினா மட்டும் பத்தாது, வேகத்தைக் கையால வைக்கிற கேமராவுல போடு.

2025ல கோடாக்கே கரிப்பூச்சை விட்டுட்டு, ஒளிவட்டம் விழாம தடுக்கற உள்பூச்சுக்கு மாறிட்டான். இனி புதுச் சரக்குல உங்க சிவப்பு வட்டம் சந்தேகந்தான். அதனால கடைக்காரன்கிட்ட விசாரிச்சு, கரி உரிச்ச பழைய சரக்கா ஒண்ணு வாங்கிட்டு வா. டியூப் லைட்டுக்கு முன்னால சப்பணம் போட்டு உட்கார்றேன், இந்த வழுக்கையைச் சுத்தி வட்டம் விழற மாதிரி ஒண்ணு எடு. கோயில் கமிட்டித் தேர்தல் வருது.